பெரியவருக்கு எத்தனை கிலோ?

கிண்டி ரேஸ்கோர்ஸ்ல ஒரு ட்ரெய்னர் கிட்ட கொஞ்ச வருஷம் வேலை பாத்தேன். குதிரை மேல ஏறுற வேலை இல்லைங்க, எனக்கு குதிரைன்னா இப்பவும் ஒரு அடி தள்ளி நின்னாதான் நிம்மதி. தீவனக் கணக்கு, ஓனர்களுக்கு பில் போடறது, அப்புறம் எந்தக் குதிரைய எந்த ரேஸ்ல என்ட்ரி பண்றதுன்னு பேப்பர் எழுதறது, இவ்ளோதான் என் வேலை. அதுல கடைசியா சொன்னதுதான் ராத்திரி தூக்கத்த கெடுத்துச்சு.

எங்க ஸ்டேபிள்ல ஒரு 9 வயசு கெல்டிங் இருந்துச்சு, அதாவது காயடிச்ச குதிரை. ரேஸ் கார்டுல அதுக்கு நல்ல ஸ்டைலான பேரு, ஆனா ஸ்டேபிள்ல எல்லாரும் 'பெரியவர்'னுதான் சொல்வாங்க, அதப் பராமரிக்கிற சைஸ் (குதிரைக்காரர்) அண்ணன் ஆரம்பிச்சு வச்ச பேரு அது. நான் வேலைக்கு சேந்தப்ப பெரியவரோட ரேட்டிங் 22.

இந்த 22ன்னா என்னன்னு சொல்லிடறேன், இல்லன்னா மத்தது புரியாது. நம்ம ஊர்ல குதிரை எவ்ளோ நல்லா ஓடுதுன்னு பாத்து ஒரு ரேட்டிங் போட்டு, அத வச்சு கிளாஸ் பிரிப்பாங்க, 0லேர்ந்து 25, 20லேர்ந்து 45, 40லேர்ந்து 65, 60லேர்ந்து 85ன்னு மேல போகும். ஒரு பாயின்ட்டுக்கு அரை கிலோ. டாப் வெயிட் 60 கிலோன்னு வச்சுக்கிட்டா, 20-45 ரேஸ்ல 45 இருக்கிற குதிரை 60 கிலோ தூக்கும், 35 இருக்கிறது 55 தூக்கும். ஜாக்கி வெயிட் பத்தலன்னா ஈயத் தகட்ட வச்சு கணக்க சரி பண்ணுவாங்க. நல்லா ஓடுற குதிரைக்கு பாரம் ஜாஸ்தி, சுமாரா ஓடுறதுக்கு கம்மி, எல்லாம் ஒண்ணா வந்து கோட்டத் தொடணும்ங்கிறதுதான் ஹேண்டிகேப்பரோட, அதாவது இந்த ரேட்டிங்கையும் பாரத்தையும் முடிவு பண்றவரோட கனவு. 1855ல இங்கிலாந்துல அட்மிரல் ரௌஸ்னு ஒருத்தர் இந்தப் பொறுப்புக்கு வந்தாரு, கடற்படைக்காரரு, அவர் காலத்துலதான் இது ஒழுங்கான கணக்கா ஆச்சு.

இப்ப 22 எங்க இருக்குன்னு பாருங்க, ரெண்டு கிளாஸுக்கும் நடு வாசப்படியில. கீழ் கிளாஸ்ல ஓட்டினா எதிராளிங்க எல்லாம் சுமார்தான், ஆனா பெரியவர் முதுகுல 58.5 கிலோ. மேல் கிளாஸ்ல ஓட்டினா 48.5 கிலோதான், ஆனா கூட ஓடுறது எல்லாம் 4 வயசு 5 வயசு இளவட்டம். பத்து கிலோ வித்தியாசம்! ட்ரெய்னர் சார் மேல் கிளாஸ்தான்னாரு, 'வெயிட் இல்லாம ஓடட்டும், கால் தப்பிக்கும்'னு. எனக்கும் பேப்பர்ல பாத்தப்ப அதான் சரின்னு பட்டுச்சு. ஏழாவதா வந்துச்சு. அடுத்தது எட்டாவது. வேகமா ஓடுறதுங்க கூட ஒட்டிக்கிட்டு போறதுக்கே அது பட்ட பாட்ட பாத்தப்பதான் பாரம்ங்கிறது முதுகுல மட்டும் இல்லன்னு புரிஞ்சுது.

ஹேண்டிகேப்பர் 3 பாயின்ட் குறைச்சு 19 ஆக்கினாரு. அவ்ளோதான், வாசப்படி போச்சு, இனிமே கீழ் கிளாஸ் மட்டும்தான், 57 கிலோ.

அங்க பெரியவர் பண்ணின பெரிய தப்பு என்னன்னா, நேர்மையா ஓடுனது. மூணாவது வந்துச்சு, நாலாவது வந்துச்சு, திரும்ப மூணாவது. ஜெயிக்கல, ஆனா கிட்ட கிட்ட வந்துட்டே இருந்தா ரேட்டிங் எங்கேர்ந்து குறையும்? ஒரு பாயின்ட் குறைப்பாங்க, இல்ல அப்படியே விட்டுடுவாங்க. வருஷம் வருஷம் கால் தேயுது, ஆனா கணக்கு அரை கிலோ அரை கிலோவாதான் இறங்குது. இதுல இன்னொரு விஷயம், வெயிட் ஃபார் ஏஜ்னு ஒரு அட்டவணை இருக்கு, 3 வயசுக் குதிரைக்கு இன்னும் உடம்பு முத்தலன்னு அதுல வெயிட் சலுகை கொடுப்பாங்க. ஆனா 9 வயசுக் குதிரைக்கு வயசாயிடுச்சேன்னு அதே அட்டவணையில ஒரு கிராம் கூட குறைக்க மாட்டாங்க. வளர்றவனுக்குதான் சலுகை. கிழவனுக்கு இருக்கிற ஒரே வழி தோத்து தோத்து ரேட்டிங்க கீழ கொண்டு வர்றது.

அதனாலயே ஒரு கெட்ட பேரும் ஒட்டிக்கும். வயசான குதிரை நாலு ரேஸ் பின்னாடி வந்துட்டு அஞ்சாவதுல ஜெயிச்சா, 'இவ்ளோ நாள் புடிச்சு வச்சு ஓட்டிருக்கானுங்க'ன்னு ஸ்டாண்ட்ல கத்துவாங்க. அப்படி பண்றவங்க இல்லவே இல்லன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ரேஸ் நேர்மையா நடக்குதான்னு பாக்கிற ஸ்டூவர்டுகள் விசாரணைன்னு ஒண்ணு இருக்கிறதே அதுக்குத்தானே. ஆனா பாதி நேரம் விஷயம் ரொம்ப சிம்பிள், அன்னிக்கு அதுக்கு கால் வலிக்கல, அவ்ளோதான்.

கால்னதும் சைஸ் அண்ணன் ஞாபகம் வருது. விடிகாலை நாலரைக்கு டார்ச் கூட இல்லாம ஸ்டாலுக்குள்ள போய் பெரியவரோட முன்னங்கால் பின்பக்கம் விரல வச்சு தடவிப் பாப்பாரு, தசைய எலும்போட சேக்கிற டெண்டன் அங்கதான் இருக்கு, அவரு நரம்புன்னுதான் சொல்வாரு. 'தம்பி, நரம்பு சூடா இருக்கு, சார் கிட்ட சொல்லு, இன்னிக்கு நடை மட்டும் போதும்'பாரு. டாக்டர் ஸ்கேன் பண்ணி சொல்றத இவரு விரல்ல சொல்வாரு. ஓடின அன்னிக்கு சாயந்திரம் கால்ல ஐஸ், ஹோஸ்ல தண்ணி பீச்சுறது, பேண்டேஜ், மறுநாள் மணல் ட்ராக்ல மெதுவா. வயசான குதிரைக்கு வேகமா கேலப் கொடுத்து கத்துக் கொடுக்க எதுவும் இல்ல, அதுக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சத செலவழிக்காம பாத்துக்கணும், அதான் வேலையே. மழை பெஞ்சு தரை கொஞ்சம் இளகி, அந்த இளக்கத்த அளக்கிற பெனட்ரோமீட்டர் ரீடிங் ஏறினா அண்ணன் முகம் மலர்ந்துடும். சம்மர்ல ஊட்டிக்கு போனா அந்தக் குளிருக்கே பெரியவர் ரெண்டு வயசு குறைஞ்ச மாதிரி நடக்கும்.

வெயிட்டுக்கு பெரிய பெரிய குதிரையே தப்பல. ஆஸ்திரேலியாவுல ஃபார் லாப், 1930ல மெல்போர்ன் கப் ஜெயிச்சுது, மறுவருஷம் 68 கிலோ ஏத்தினாங்க, எட்டாவதா வந்துச்சு. இன்னொரு பக்கம் அமெரிக்காவுல ஜான் ஹென்றி, 1984ல 9 வயசுல அர்லிங்டன் மில்லியன் ஜெயிச்சு அந்த வருஷத்து சிறந்த குதிரைன்னு பட்டம் வாங்கிச்சு. அதுவும் கெல்டிங்தான். பிரிட்டன்ல தடை தாண்டுற ரேஸ்ல 10 வயசும் அதுக்கு மேலயும் இருக்கிறதுங்களுக்குன்னே தனியா ரேஸ் வைக்கிறாங்க. நம்ம ஊர்லயும் 5 வயசுக்கு மேலன்னு போட்டு சில ரேஸ் வரும், வரப்போற ரேஸ் விவரம் இருக்கிற ப்ராஸ்பெக்டஸ் கைக்கு வந்ததும் நான் முதல்ல தேடுனது அதத்தான்.

அப்படி ஒண்ணு மாட்டுச்சு. அதுக்குள்ள பெரியவர் ரேட்டிங் 14க்கு வந்திருந்துச்சு. கணக்குப்படி 54.5, ஆனா மேல இருக்கிற குதிரைங்க வரலன்னா எல்லாருக்கும் வெயிட்ட ஏத்திடுவாங்க, அந்த பயத்துல டிக்ளரேஷன், அதாவது எந்தெந்தக் குதிரை ஓடும்னு உறுதி பண்றது, முடியற வரைக்கும் நான் சாப்பிடவே இல்ல. ஏத்தல. அதுக்கு மேல ஒரு அப்ரெண்டிஸ் பையன, அதாவது தொழில் கத்துக்கிற ஜாக்கிய போட்டோம், அவனுக்கான வெயிட் சலுகையில இன்னும் கொஞ்சம் குறைஞ்சுது. அன்னிக்கு அது ஓடுனத என்னால சரியா எழுத முடியாது, கடைசி 200 மீட்டர்ல உள்பக்கம் ஒரு சந்து கிடைச்சுது, பையன் சாட்டைய எடுக்கவே இல்ல. முக்கா லெங்த்ல, அதாவது முக்கா குதிரை நீளத்துல ஜெயிச்சுது.

நான் குதிச்சேன். அண்ணன் லகானப் புடிச்சுக்கிட்டு குதிரை காதுகிட்ட, 'ஏன்டா ஜெயிச்ச, இப்ப ஏத்துவானுங்களே'ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு, ஆனா வேடிக்கைக்கு சொல்லல. 7 பாயின்ட் ஏத்தினாங்க, 21. திரும்ப 58 கிலோ, திரும்ப அந்த வாசப்படி. ஹேண்டிகேப்பர் மேல எனக்கு கோபம் இல்ல, ஜெயிச்சா ஏத்தணும், நானா இருந்தாலும் ஏத்திருப்பேன். ஆனா இன்னொரு தடவை 14 வரைக்கும் இறங்கி வர்றதுக்கு அந்தக் கால்ல எத்தனை ரேஸ் மிச்சம் இருக்குங்கிற கணக்கு எந்த ஷீட்லயும் கிடையாது. ரெண்டு ரேஸ் ஓட்டினோம். மூணாவதுக்கு நான் பேப்பர் எழுதி வச்சிருந்தேன், அண்ணன் வந்து 'நரம்பு சூடா இருக்கு'ன்னாரு, இந்தத் தடவை நடை மட்டும் போதும்னு சொல்லல. சார் ஓனருக்கு போன் பண்ணாரு.

2024 செப்டம்பர்ல நில வாடகை பாக்கின்னு கிண்டி ரேஸ்கோர்ஸுக்கு அரசு சீல் வச்சப்ப, குதிரைங்க எல்லாம் எங்க போகும்னு ஊரே கேட்டுச்சு. நாங்க அந்தக் கேள்விய ஒவ்வொரு குதிரைக்கா எப்பவோ கேட்டுட்டுதான் இருந்தோம். எல்லாத்துக்கும் நல்ல பதில் கிடைக்காது. பெரியவருக்கு கிடைச்சுது, ஒரு ரைடிங் ஸ்கூல்ல எடுத்துக்கிட்டாங்க, ஓனர் காசு வாங்கல.

ஒரு ஞாயித்துக்கிழமை போய் பாத்தேன். ஒரு சின்னப் பொண்ணு மேல உக்காந்திருந்தா, வாத்தியார் கயித்தப் புடிச்சு வட்டமா நடத்திட்டிருந்தாரு. பழக்க தோஷம், மனசு தானா கணக்கு போட ஆரம்பிச்சுது, சேடிலோட சேத்து 40 கிலோ இருக்கும், அப்ப ரேட்டிங் மைனஸ் 15. அண்ணனுக்கு போன் பண்ணி சொன்னேன். 'அப்ப ஜெயிச்சுடுவான்'னாரு.