குளித்துவிட்டுத்தான் குளிக்கணும்

"முதல்ல ஷவர், அப்புறம்தான் தண்ணி." செனோட்டே என்ற குளத்தில் இறங்குமுன் கைடு கறாராகச் சொல்லிவிட்டார். முகத்தில் அப்பியிருந்த சன்ஸ்கிரீன் மொத்தமும் போகிறவரை யாரையும் உள்ளே விடவில்லை.

காலை முழுக்க மெக்சிகோவில் மாயர்கள் கட்டிய பழைய நகரமான சிச்சென் இட்சாவில் வெயிலில் வறுபட்டு வந்திருந்தோம். பிரமிடில் பக்கத்துக்கு 91 படி. நாலு பக்கமும் உச்சி மேடையும் சேர்த்தால் 365. ஏற விடுவதில்லை. கீழே நின்று கை தட்டினால் ஏதோ பறவை கீச்சிடுவது போல எதிரொலி வருகிறது. ஆளாளுக்குத் தட்டிக்கொண்டே இருந்தார்கள், நானும்தான்.

செனோட்டே என்பது சுண்ணாம்புப் பாறையின் கூரை இடிந்து விழுந்து உண்டான குளம். படியிறங்கினால் தலைக்கு மேல் வட்டமாகக் கொஞ்சம் வானம். விளிம்பிலிருந்து தண்ணீர்வரை சடைசடையாக வேர்கள். காலைச் சுற்றிக் கறுப்பாகக் குட்டி மீன்கள்.

சிச்சென் இட்சா இருக்கிற வடக்கு யுகடான் பகுதியில் தரைமேல் ஆறே கிடையாது. பெய்கிற மழை பாறைக்குள் இறங்கி அடியிலேயே ஓடுகிறது. ஊர்கள் குடிப்பதும் அந்த நிலத்தடி நீரைத்தான். ஷவர் எதற்கு என்று அப்புறம் யாரும் முணுமுணுக்கவில்லை.

திரும்பும்போது வேனில் ஒருவர் கேட்டார்: "மாயர்கள் எப்படித்தான் மறைஞ்சு போனாங்க?"

கைடு அப்போதுதான் போனில் தன் அம்மாவிடம் மாயா மொழியில் பேசி முடித்திருந்தார். மெக்சிகோவில் ஏழு லட்சம் பேருக்கு மேல் பேசுகிற மொழி அது. கோயில் பாழானதைப் பார்த்ததும் கட்டினவர்களின் வம்சமே இல்லை என்று எவ்வளவு சுலபமாக முடிவுகட்டிவிடுகிறோம்!

அவர் கோபப்படவில்லை. "உங்களை ஹோட்டல்ல இறக்கிவிட்டுட்டு மறைஞ்சுடுவேன்" என்றார்.