எண்ணாதை, சொல்லைப் பிடி

மிருதங்கம் பழகத் தொடங்கின காலத்தில் ஏழு தாளம், ஐந்து சாதி, பெருக்கினால் 35, அதை ஐந்து நடையால் பெருக்கினால் 175 என்று யார் கேட்டாலும் ஒப்புவிப்பேன். இத்தனையும் பாடமாக்கி வைத்துக்கொண்டு, ஒரு சரஸ்வதி பூசைக்குப் பக்கவாத்தியமாக ஏறி, எட்டு எண்ணிக்கை கொண்ட வெறும் ஆதி தாளத்தில் விழுந்தேன். கோர்வையை (தாளத்தின் தொடக்கத்தில் வந்து முடியவேண்டிய சொற்கட்டு) முடித்துப் பெருமையாக நிமிர்கிறேன், பாடின அக்காவின் கை இன்னும் தாளத்தின் கடைசி எண்ணிக்கையான வீச்சில் நிற்கிறது.

அந்த வருசம்தான் அம்மப்பா யாழ்ப்பாணத்து இணுவில் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுவாமி வெளிக்கிடும்போது கம்பீரநாட்டை ராகத்தில் மல்லாரி என்ற புறப்பாட்டு வாசிப்பு, அப்புறம் வெளிவீதியில் நடுச்சாமம் தாண்டியும் மேளச்சமா (நாதசுரம், தவில் கச்சேரி). இணுவிலில் பிறந்த தெட்சணாமூர்த்தியின் தவிலை நேரே கேட்ட ஆள் அம்மப்பா. தெட்சணாமூர்த்தி 1975இல் காலமானபிறகு வாசித்த எவரையும் லேசில் மெச்சமாட்டார். (அது கொஞ்சம் அநியாயம் என்பது என் எண்ணம்.) அன்றைக்கு மணலில் சப்பணமிட்டு, இடக்கையால் கச்சான் கடலை உடைத்தபடி, வலக்கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நான் வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதைக் கண்டுவிட்டார்.

"எண்ணாதை தம்பி, சொல்லைப் பிடி."

ததிகிணதொம் என்ற மிருதங்கச் சொல் ஐந்து மாத்திரை. மூன்று தரம் சொன்னால் பதினைந்து. ஆதி தாளத்தில் லகு (முதல் நாலு எண்ணிக்கை) முடிந்து முதல் துருதத்தின் (ஒரு தட்டு, ஒரு வீச்சு) தட்டு விழுகிற இடத்திலிருந்து சமம் (அடுத்த சுற்றின் தொடக்கம்) வரைக்கும், எண்ணிக்கைக்கு நாலாகப் பதினாறு மாத்திரை. அப்ப தட்டு விழுந்து ஒரு மாத்திரை, அதாவது கால் எண்ணிக்கை, சும்மா விட்டுவிட்டு எடுத்தால் மூன்றாவது ததிகிணதொம் முடிய, சமம் வந்து நிற்கும். நான் மேடையில் விடாமல் போனது அந்தக் கால் எண்ணிக்கையைத்தான். தட்டோடு தட்டாக எடுத்தேன், கால் எண்ணிக்கை முன்னுக்கு முடித்தேன்.

மிச்ர சாபு தாளமும் அப்படித்தான். ஏழு என்று எண்ணினால் கால் தடுக்கும். தகிட தகதிமி என்று வாய் சொன்னால் மூன்றும் நாலும் தானாக நடக்கும். கோயில் வீதியில் இருந்த அரைவாசிப் பேருக்கு லகு, துருதம் என்ற பெயரே தெரிந்திருக்காது, ஆனால் தவில்காரர் தீர்மானத்தை, அதாவது முடிவுச் சொற்கட்டை, முடிக்கிற இடத்தில் அத்தனை தொடையிலும் ஒரே நேரத்தில் கை விழுந்தது.

நானும் ஒரு சுருள் கச்சான் வாங்கி, இடக்கையால் உடைத்துக்கொண்டு தாளம் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது சுற்றில் தாளமும் போய், கச்சானும் மணலில் கொட்டிவிட்டது. அம்மப்பா திரும்பிப் பார்க்காமலே தன்னுடைய சுருளை என் பக்கம் நீட்டினார், மற்றக் கை தொடையை விட்டு எழும்பவில்லை.