படுக்கை முதலில், பாதை அப்புறம்: மோன்ட் பிளாங்க் மலையைச் சுற்றி நடக்கத் திட்டம் போட்ட விதம்

மலைக்குடிலில் இருந்து மலைக்குடிலுக்கு நடந்துபோகும் பயணம் என்றதும் எல்லோரும் முதலில் வரைபடத்தை விரித்து, முதல் நாள் இவ்வளவு தூரம், இரண்டாம் நாள் இவ்வளவு தூரம் என்று கோடு போடத்தான் உட்காருவார்கள். ஆல்ப்ஸில் உள்ள மோன்ட் பிளாங்க் மலையைச் சுற்றிவரும் பாதைக்கு அது சரிப்படாது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது படுக்கை. எந்த ஊருக்கும் எந்தக் கணவாய்க்கும் நடுவே குடில்கள் குறைவோ, அந்தக் குறைவான இடத்தில் எந்தத் தேதியில் இடம் இருக்கிறது என்று பார்த்து, அந்த ஒரு இரவை உறுதி செய்துகொண்டு, அங்கிருந்து முன்னும் பின்னுமாக மற்ற நாட்களை அடுக்கிக்கொண்டு போக வேண்டும். நானும் அக்காவும் அப்படித்தான் செய்தோம். இந்த வழி யாருக்கும் வேலை செய்யும் என்று நம்புகிறேன், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பாதையைப் பற்றி முதலில் கொஞ்சம். சுமார் 170 கிலோமீட்டர், எல்லா ஏற்றத்தையும் கூட்டினால் 10,000 மீட்டர் வரும். பிரான்ஸில் தொடங்கி இத்தாலிக்குள் போய், சுவிட்சர்லாந்து வழியாகத் திரும்பவும் பிரான்ஸுக்கு வந்து சேரலாம். சோஸ்யூர் என்ற ஜெனிவா விஞ்ஞானி 1767-லேயே இந்த மலையைச் சுற்றி வந்திருக்கிறார், அதாவது 1786-ல் முதல் முறையாக உச்சியில் மனிதக் கால் படுவதற்கு முன்பே. நமக்கு உச்சி வேண்டாம். கயிறு, பனிக்கோடரி எதுவும் தேவையில்லை, கூடாரத்தையும் சுமக்க வேண்டியதில்லை. தினமும் ஒரு கணவாயைக் கடந்து மறுபக்கம் இறங்கினால் சூடான சாப்பாடும் படுக்கையும் காத்திருக்கும். வழக்கமாகப் பத்து பதினோரு நாட்களில் முடிப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் இதே வட்டத்தில் ஒரு ஓட்டப்பந்தயம் நடக்கிறது, 2003-ல் தொடங்கியது, அதில் முதலாவதாக வருபவர்கள் இதை 20 மணி நேரத்தை ஒட்டியே முடித்துவிடுகிறார்கள். பார்க்கப் பெரிய அதிசயம்தான், ஆனால் நடக்கப் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது, பந்தயம் தொடங்கும் சாமோனி ஊர்ப் பக்கம் படுக்கை கிடைப்பது மிகக் கஷ்டம்.

சரி, எந்த மாதம்? ஜூன் நடுவில் இருந்து செப்டம்பர் நடு வரைக்கும்தான் பெரும்பாலான குடில்கள் திறந்திருக்கும். ஜூனில் பூக்கள் அழகாக இருக்கும், கூட்டமும் குறைவு, ஆனால் உயரமான கணவாய்களின் வடக்குச் சரிவுகளில் பழைய பனி இறுகிக் கிடக்கும். ஜூலை, ஆகஸ்டில் பாதை தெளிவாக இருக்கும், மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் வரும். செப்டம்பர் தொடக்கம் எனக்குப் பிடித்த காலம், காற்று தெளிந்து பனியாறுகள் கையெட்டும் தூரத்தில் இருப்பது போலத் தெரியும், கூட்டமும் கொஞ்சம் கலைந்திருக்கும். பகல் குறுகிவிடும், அது ஒன்றுதான் குறை. நாங்கள் அதைத்தான் எடுத்தோம்.

எந்தக் குடிலை முதலில் பிடிப்பது என்பதுதான் திட்டத்தின் உயிர். வழக்கம்போல லே ஊஷ் என்ற பிரான்ஸ் ஊரில் தொடங்கி, கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராக நடந்தால், மூன்றாவது நாள் லே ஷாப்பியூ என்ற சின்னக் குடியிருப்பிலிருந்து கிளம்பி 2516 மீட்டர் உயரமுள்ள கோல் தெ லா சேன்யே கணவாயைக் கடந்து இத்தாலிக்குள் இறங்க வேண்டும். அந்தப் பக்கம் குர்மாயூர் நகரம் வரும்வரை தங்க இடம் சொற்பம். எலிசபெட்டா குடில் ஒரு பனியாற்றுக்குக் கீழே பாறை மேட்டில் உட்கார்ந்திருக்கிறது, எல்லோரும் அங்கேதான் நிறுத்தப் பார்ப்பார்கள். அதனால் அந்த ஒரு இரவை வைத்துத்தான் எங்கள் தேதிகள் எல்லாம் தீர்மானமாயின. இரண்டாவதாகப் பொனாட்டி குடில், அதன் வாசலில் நின்றால் எதிரே கிராந் ஜோராஸ் சிகரங்களின் சுவர் முழுக்கத் தெரியும், அதனால் அங்கேயும் போட்டி அதிகம். இந்த இரண்டும் கையில் வந்ததும் மற்றவை தானாக அமைந்துவிட்டன, ஏனென்றால் குர்மாயூர், லா ஃபூலி, ஷாம்பே மாதிரி ஊர்களில் குடில் இல்லாவிட்டால் விடுதி கிடைக்கும்.

பல குடில்கள் அடுத்த கோடைக்கான முன்பதிவை முந்தைய இலையுதிர் காலத்திலேயே திறந்துவிடுகின்றன. சில இணையத்தில், சில மின்னஞ்சலில். முன்பணம் கேட்பார்கள். ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்பது ஒவ்வொரு இடத்திலும் வேறு, அதைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பதிவு செய்யும்போதே இரவு உணவும் காலை உணவும் சேர்த்துத்தான் கேட்பார்கள், அதை எடுத்துக்கொள்வதே நல்லது, சுற்றுவட்டாரத்தில் வேறு கடை இருக்காது. சைவம் என்றால் அப்போதே சொல்லிவிட வேண்டும், முதல் நாள் இரவு மேஜையில் உட்கார்ந்து சொன்னால் சமையலறையில் இருப்பவர்களுக்கும் கஷ்டம், நமக்கும் ரொட்டியும் சீஸும்தான். அக்கா சைவம், ஒவ்வொரு பதிவிலும் அதை முதல் வரியிலேயே எழுதினோம், எல்லா இடத்திலும் நல்ல சாப்பாடு வந்தது.

இந்த முன்பதிவுக் கடிதங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஒவ்வொரு இரவும் எங்கே தங்குகிறோம் என்று காட்ட வேண்டும், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் கணக்கில் பிரான்ஸ்தான் வந்தது. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விசா விதி, ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. மலை நடையும் ஹெலிகாப்டர் மீட்பும் அதில் அடங்குமா, எத்தனை மீட்டர் உயரம் வரை என்று பாலிசியின் சின்ன எழுத்துகளைப் படிக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் மீட்புக்கான செலவு மீட்கப்பட்டவர் தலையில்தான் விழும். இதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கலாம் என்பதற்கு நேய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். லே கோன்டமீன் என்ற ஊரில் இருந்து பொனோம் என்ற கணவாய்க்கு மேலே உள்ள குடில் வரை எடுத்துக்கொள்ளுங்கள், சுமார் 13 கிலோமீட்டர், 1300 மீட்டர் ஏற்றம், கணக்குப்படி ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அது நிற்காமல் நடப்பவருக்கு. சாப்பிட, தண்ணீர் பிடிக்க, படம் எடுக்க, மூச்சு வாங்க என்று பாதி நேரத்தை அதன் மேல் வைத்தோம். சுவிட்சர்லாந்தில் மஞ்சள் பலகைகளில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் நேரம் போட்டிருப்பார்கள், அதிலும் ஓய்வு நேரம் சேராது.

ஆனால் இந்தக் கணக்கு இறக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது, எங்கள் விஷயத்தில் அதுதான் முக்கியமாக இருந்தது. திட்டம் போட உட்கார்ந்த முதல் மாலையே அக்கா சொன்னாள், "ஏறச் சொன்னா எவ்வளவு வேணும்னாலும் ஏறுவேன்டா, இறங்குறப்போதான் முட்டி பிடிச்சுக்குது." அதனால் ஒவ்வொரு நாளுக்கும் தூரத்துக்குப் பக்கத்தில் இறக்கம் எத்தனை மீட்டர் என்று தனிப் பத்தி போட்டோம். ஆயிரத்தைத் தாண்டிய நாட்களுக்குச் சிவப்பு. குர்மாயூருக்குள் இறங்கும் கடைசிச் சரிவு செங்குத்தானது, அதற்குக் கம்பிவட வண்டி உண்டு. எல்லாவற்றையும் விட மோசமானது கடைசி நாள், 2525 மீட்டர் பிரேவான் முகட்டில் இருந்து ஆயிரம் மீட்டரில் இருக்கும் லே ஊஷுக்கு ஒரே மூச்சில் இறக்கம். பிரேவானிலும் கம்பிவடம் இருக்கிறது, நடுவே ஒருமுறை வண்டி மாறி சாமோனிக்கு இறங்கலாம். கம்பிவடங்கள் எந்தத் தேதி வரை ஓடும் என்று பார்ப்பதும் திட்டத்தில் ஒரு வேலை, பராமரிப்புக்காகப் பருவ முடிவில் நிறுத்திவிடுவார்கள். "வண்டியில இறங்கினா சுத்தி வந்த கணக்குல சேராதா?" என்று கேட்டாள். ஏன் சேராது? முழுசாக நடந்து முடித்தேன் என்று சொல்வதற்காக முட்டியைப் பணயம் வைப்பதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை.

அப்புறம் விலகும் வழி. குடில் பயணத்தில் ஒரு நாள் தவறினால் அடுத்த எல்லாப் பதிவுகளும் சரியும், அதனால் மழையோ காய்ச்சலோ வந்தால் நடக்காமலே அடுத்த குடிலுக்கு எப்படிப் போவது என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி எழுதி வைத்தோம். இந்தப் பாதையின் பெரிய வசதி அதுதான், கணவாய்களுக்கு நடுவே அடிக்கடி பள்ளத்தாக்குகளுக்கு வந்துவிடும், அங்கே பேருந்து இருக்கும். குர்மாயூரில் இருந்து சாமோனிக்கு மலைக்கு அடியிலேயே 1965-ல் திறந்த 11.6 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, அதில் பேருந்து போகிறது. நாட்கணக்கில் நடந்து வந்த தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிடலாம். லா ஃபூலியில் இருந்து ஷாம்பேக்கும் பேருந்தில் மாறிப் போகலாம். குர்மாயூரில் இரண்டு இரவுகள் எடுத்தோம், ஒன்று வெறும் ஓய்வுக்கு. துணி துவைக்க, காலைத் தடவிக்கொடுக்க, வானிலையைப் பார்க்க. விடுமுறை குறைவாக இருப்பவர்கள் முதலில் வெட்டுவது இந்த ஓய்வு நாளைத்தான். என்னைக் கேட்டால் அதை வைத்துக்கொண்டு கடைசிப் பகுதியை வெட்டுங்கள்.

பையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். தண்ணீரையும் சேர்த்து எட்டு கிலோவுக்குள். நடக்க ஒரு உடுப்பு, குடிலுக்குள் ஒரு உடுப்பு, பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. கம்பளி குடிலில் இருக்கும், ஆனால் படுக்கைக்குள் போட்டுக்கொள்ளும் மெல்லிய பட்டு உறையை நாம்தான் கொண்டுபோக வேண்டும், அது இல்லாமல் விட மாட்டார்கள். காது அடைப்பான், நெற்றி விளக்கு, மழைச் சட்டை, இரண்டு ஊன்றுகோல். மெல்லிய இரண்டு முள் பிளக் மூன்று நாடுகளிலும் பொருந்தும், ஆனால் சாக்கெட்டுகளே குறைவு என்பதால் பவர் பேங்க் அவசியம். ரொக்கம் வேண்டும், மேலே அட்டை இயந்திரம் சிக்னலை நம்பித்தான் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் பிராங்க், யூரோ கொடுத்தாலும் பல இடங்களில் வாங்கிக்கொள்வார்கள், மீதி பிராங்கில் வரும். கைபேசித் திட்டத்தையும் பாருங்கள், ஐரோப்பிய ஒன்றியத்துக்கான ரோமிங்கில் சுவிட்சர்லாந்து பெரும்பாலும் சேராது. மீதிச் சாமான்களை லே ஊஷில் முதல் இரவு தங்கிய விடுதியிலேயே விட்டுவிட்டோம், திரும்பி வரும் நாளைச் சொன்னதும் வைத்துக்கொண்டார்கள்.

குடிலின் ஒழுங்கு ஒன்று உண்டு, அதைத் தெரிந்துகொண்டு போனால் நாளைத் திட்டமிடுவது சுலபம். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட வேண்டும். ஏழு மணிவாக்கில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு, நீள மேஜையில் முன்பின் தெரியாதவர்களோடு. பத்து மணிக்கு விளக்கு அணையும். அந்த மேஜைதான் இந்தப் பயணத்தில் நான் மிகவும் விரும்பியது. எதிர்த்திசையில் வருபவர்கள் நாம் நாளை நடக்கப் போகும் வழியை இன்று நடந்திருப்பார்கள், எந்தப் பாலம் அடித்துப்போயிருக்கிறது, எங்கே தண்ணீர் வறண்டிருக்கிறது என்று எந்த வழிகாட்டிப் புத்தகமும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். பொனாட்டியில் அப்படித்தான், அடுத்த நாள் பதினோரு மணிக்கு மேல் இடி வரும் என்று குடில்காரர் சாப்பாட்டு நேரத்தில் அறிவித்ததும் மேஜை முழுக்கத் திட்டங்கள் மாறின. நாங்கள் காலை உணவைப் பொட்டலமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, விடியும் முன்பே நெற்றி விளக்கோடு கிளம்பி, 2537 மீட்டர் கிரான் கோல் ஃபெரே கணவாயை மேகம் கூடுவதற்குள் கடந்துவிட்டோம். மாட்டுப் பட்டிகள் வரை இறங்கிய பிறகுதான் பின்னால் முதல் இடி கேட்டது. இடி உள்ள நாளில் பத்தரைக்குள் கணவாயைத் தாண்ட முடியாது என்றால் போகவே கூடாது, பேருந்தைப் பிடிக்க வேண்டும்.

ஆபத்து எண் மூன்று நாடுகளிலும் 112. சிக்னல் இல்லாவிட்டால் விசிலோ விளக்கோ, நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. ஆல்ப்ஸ் முழுக்க இதுதான் வழக்கம். குடில்களின் பெயர், தொலைபேசி, தேதி எல்லாம் போட்ட ஒரு தாளை வீட்டில் ஒருவரிடம் கொடுத்திருந்தோம். ஏதாவது ஒரு குடிலுக்குப் போகாமல் விட்டால் அந்தக் குடில்காரர்களுக்குக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நம்மைக் காணோம் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள், அந்தப் படுக்கையும் வேறு யாருக்கும் உதவாமல் போகும்.

கடைசி நாள் பிரேவானில் அக்கா கம்பிவடத்தில் ஏறினாள். என் ஊன்றுகோல்களோடு அவளுடையதையும் வாங்கிக் கட்டிக்கொண்டு நான் நடந்து இறங்கினேன், தொடைகள் நடுங்குகிற அளவுக்கு நீளமான இறக்கம்தான். சாமோனியில் பேருந்து பிடித்து அவள் எனக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே லே ஊஷுக்கு வந்து, விடுதியில் விட்ட சாமான்களை வாங்கி, ஜெனிவா போகும் வண்டிக்கு இரண்டு இடமும் பதிந்து வைத்திருந்தாள்.