பாக்குத் தோப்பைத் தாண்டிய 400 கேவி லைன்

மின்கோபுர லைன் போட வேண்டுமென்றால் சுற்றுச்சூழல் அனுமதிதான் பெரிய தலைவலி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உண்மையில் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையின் பட்டியலில் மின்பாதையே கிடையாது. காடு குறுக்கே வந்தால் வனத்துறை அனுமதி வேண்டும். அதைத் தவிர ரயில்வே, நெடுஞ்சாலை, தொலைத்தொடர்பு, விமான நிலையம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தடையில்லாச் சான்று. இதெல்லாம் முடிந்தபின் பாக்கி நிற்பது பட்டா நிலம். சேலம் மாவட்டத்தில் ஒரு 400 கேவி (கிலோவோல்ட்) லைனுக்கு ஒப்பந்தக்காரர் தரப்பில் இந்த வேலையைப் பார்த்தவன் நான். ஃபைல்களை விட வரப்பில்தான் அதிகம் அலைந்தேன்.

முதலில் சட்டம். மின்சாரச் சட்டம் 2003-இன் 68-ஆம் பிரிவில் மேல்நிலைப் பாதைக்கு அரசின் முன்அனுமதி வாங்க வேண்டும். 164-ஆம் பிரிவில் ஆணை வந்துவிட்டால், 1885-ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்தின் அதிகாரம் லைன் போடுகிறவருக்குக் கிடைத்துவிடுகிறது. தந்திக் கம்பம் நட வெள்ளைக்காரன் எழுதிக்கொண்ட அதிகாரம்தான், இன்று பல மாடி உயரக் கோபுரத்துக்கும் உதவுகிறது. நிலத்தைக் கையகப்படுத்துவதில்லை. பட்டா உங்கள் பேரிலேயே இருக்கும், கோபுரம் மட்டும் உங்கள் நிலத்தில் நிற்கும். முடிந்தவரை குறைந்த சேதம், சேதத்துக்கு முழு இழப்பீடு என்று தந்திச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு சொல்கிறது. "எங்க நிலம்தான், ஆனா எங்களது இல்ல, அப்படித்தானே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அதற்கு மேல் நான் என்ன விளக்குவது?

சேர்வராயன் மலையடிவாரத்தில் காப்புக்காடு கொஞ்சம் குறுக்கிட்டது. ஏன் காட்டைத் தவிர்க்க முடியவில்லை என்பதற்கு மூன்று மாற்றுப் பாதைகளை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். விண்ணப்பம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில். வன உரிமைச் சட்டம் 2006-இன்படி ஆட்சியரிடம் சான்று தனியாக. அப்புறம் மரக் கணக்கெடுப்பு. வனக்காப்பாளர் ஒவ்வொரு மரத்திலும் மார்பு உயரத்தில் டேப் சுற்றி அளவைச் சொல்ல, ஒருவர் எழுத, இன்னொருவர் பெயின்டில் எண் போடுவார். சந்தன மரம் வந்தால் மட்டும் எல்லோருக்கும் குரல் இறங்கிவிடும், இரண்டு முறை அளப்பார்கள். மலையில் ஒரு வசதி உண்டு. இரண்டு முகட்டில் கோபுரம் நின்றால் பள்ளத்து மரங்களுக்கு வெகு மேலே கம்பி போய்விடும். கம்பி இழுப்பதற்குத் தேவையான மரங்களை மட்டும் வெட்டினால் போதும். காகிதம் அதிகம், காலமும் ஆகும், ஆனால் வனத்துறை விதி தெளிவாக இருக்கிறது. என்ன கேட்பார்கள் என்று முன்பே தெரியும்.

ரயில்வே அதை விடச் சுலபம். தண்டவாளத்தைக் கூடியவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும், கம்பி இழுக்கும் நேரத்துக்கு அவர்கள் தரும் பிளாக்குக்குள், அதாவது ரயிலை நிறுத்தி ஒதுக்கும் நேரத்துக்குள், வேலையை முடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

வாழப்பாடிப் பக்கம் வந்ததும்தான் வேலை நின்றது. 400 கேவி லைனுக்குப் பாதையின் அகலம் 46 மீட்டர். கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே ஐந்தரை மீட்டர் இடைவெளி வேண்டும். மரவள்ளியோ மஞ்சளோ இருந்தால் பிரச்சினையில்லை. அங்கே ஒரு தோப்பில் இருந்தது நெடுநெடுவென்று வளர்ந்த பாக்கு. சர்வே குச்சியில் கட்டியிருந்த சிவப்புத் துணியைக் கையில் பிடித்தபடி தோப்புக்கார அம்மா கேட்டார்: "கம்பிக்குக் கீழ என்னதான் வெக்கலாம்?"

"மரவள்ளி வைக்கலாம்மா."

"மரவள்ளி பத்து மாசத்துல புடுங்கறது தம்பி. இது எங்க மாமனார் வெச்சது."

தோட்டக்கலைத் துறை மரத்தின் வயதையும் காய்ப்பையும் பார்த்து மதிப்புப் போடும் என்றேன். "போடட்டும்" என்று உள்ளே போய்விட்டார்.

நில உரிமையாளர் தடுத்தால் தந்திச் சட்டம் 16(1)-இல் மாவட்ட ஆட்சியரிடம் போகலாம். போனோம். இரு தரப்பையும் விசாரித்து ஆணை கிடைத்தது. போலீஸ் பாதுகாப்போடு மறுநாளே குழி தோண்டலாம் என்றார்கள் எங்கள் ஆட்கள். நான் வேண்டாம் என்றேன். அடுத்தடுத்த தோப்புக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், கம்பி இழுக்கவும் அதே வரப்பில்தான் திரும்ப வர வேண்டும். பக்கத்துக் கோபுரத்துக்கு அப்போது அஸ்திவாரம் போடவில்லை. லைன் திரும்பும் இடத்தைத் தோப்பின் ஓரத்துக்கு நகர்த்தினால் பாதி மரங்கள் தப்பும். ஆனால் திருப்பத்தில் நிற்கும் கோபுரம் நேர் கோபுரத்தை விடக் கனமானது, செலவும் கூடும். இரண்டு மூன்று கூட்டம் இதிலேயே போனது. கடைசியில் எங்கள் தரப்பில் ஒப்புக்கொண்டார்கள். சர்வே குச்சி நடும்போதே விவசாயிகள் சேர்ந்து வந்து வரைபடத்தைக் கேட்டால், இப்படி நகர்த்துவது இதை விட எளிது. அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் கொட்டியபின் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பணம் தனிக்கதை. பயிர்ச்சேதத்தை அஸ்திவாரம், கோபுரம் எழுப்புதல், கம்பி இழுத்தல் என்று மூன்று கட்டத்திலும் கணக்கிடுவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டு வாங்க வேண்டும். நில மதிப்புக்கு மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2015 வழிகாட்டுதல் கோபுர இடத்துக்கு 85 சதவீதம், கம்பிக்குக் கீழுள்ள இடத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்றது. 2024 ஜூனில் அதை 200, 30 என்று உயர்த்தினார்கள். இது மாநிலங்களுக்கான பரிந்துரைதான், வாட்ஸ்அப்பில் வந்த தாளைக் காட்டினால் மட்டும் செல்லாது. உங்கள் லைனுக்கு எந்த ஆணை பொருந்துகிறது என்று ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். தொகை போதாது என்றால் தந்திச் சட்டம் 16(3)-இல் மாவட்ட நீதிபதியிடம் மனுப் போடலாம்.

அந்த அம்மாவுக்குக் காசோலை தாமதமானதற்குத் தொகை காரணமில்லை. பட்டா இன்னும் இறந்துபோன மாமனார் பேரில் இருந்தது. வாரிசுச் சான்று எடுக்கப் போனால், திருப்பூரில் இருக்கும் கொழுந்தனார் பங்கில் தகராறு செய்தார். இப்படிப்பட்ட நேரத்தில் பணத்தை மாவட்ட நீதிமன்றத்தில் கட்டிவிட்டு லைன்காரர்கள் ஒதுங்கிக்கொள்ள 16(4) இடம் தருகிறது. எங்கள் தரப்பும் அதைத்தான் செய்தது. கொழுந்தனார் கையெழுத்துப் போட்டபிறகுதான் பணம் வெளியே வந்தது, அதற்குள் லைனில் மின்சாரம் ஓட ஆரம்பித்துவிட்டது.