நிறுத்தியும் விழித்துக்கொண்ட ஆர்பிசிபைண்ட்

பழைய லேப்டாப் ஒன்றில் டெபியன் 12 என்ற லினக்ஸைப் போட்டு, வீட்டுப் படங்களுக்கு நகல் வைக்கும் சர்வராக ஓட்டி வருகிறேன். அதில் எந்தெந்த போர்ட் (நெட்வொர்க் வழியே வருபவர்களுக்கான எண்ணிட்ட வாசல்) திறந்திருக்கிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமைதான் உட்கார்ந்து பார்த்தேன். திறந்த போர்ட்களைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையை -டியுஎல்பிஎன் சேர்த்து ஓட்டியதும் பட்டியல் வந்தது. தூரத்திலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் 22, வீட்டு நெட்வொர்க்கில் .லோக்கல் பெயரை அறிவிக்கும் அவாஹியின் 5353 இரண்டும் தெரிந்தவை. 111 மட்டும் நான்கு வரிகளில் நின்றது: டிசிபி, யுடிபி, இரண்டிலும் ஐபிவி4, ஐபிவி6.

அது ஆர்பிசிபைண்ட், எந்த ஆர்பிசி சேவை எந்த போர்ட்டில் இருக்கிறது என்று கேட்பவருக்குச் சொல்லும் சர்வீஸ். இன்னொரு கம்ப்யூட்டரின் ஃபோல்டரை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே ஃபைல் பகிரும் முறை) மூலம் மவுண்ட் செய்ய, அதாவது இங்கே இணைத்துக்கொள்ள, என்எஃப்எஸ்-காமன் நிறுவியபோது கூடவே வந்திருக்கிறது. என்எஃப்எஸ் 3-க்குத்தான் அது தேவை. மவுண்ட் விவரத்தைப் பார்த்தேன், என்னுடையது 4.2. அதற்கு எதிர்ப்பக்கத்தின் 2049 போர்ட் போதும்.

சரி என்று, சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் கட்டளையான சிஸ்டம்சிடிஎல்லில் ஸ்டாப் கொடுத்தேன். ஆர்பிசிபைண்ட்.சாக்கெட் இதை மறுபடி கிளப்பக்கூடும் என்று ஒரு வரி எச்சரிக்கை வந்தது, படிக்காமல் கடந்துவிட்டேன். திரும்ப எஸ்எஸ் ஓட்டினால் அதே நான்கு வரிகள்! போர்ட்டை யார் வைத்திருக்கிறார்கள் என்று காட்டும் கடைசி நெடுவரிசை மட்டும் மாறியிருந்தது. முன்பு ஆர்பிசிபைண்ட், சிஸ்டம்டி என இரண்டு பெயர்கள். இப்போது சிஸ்டம்டி மட்டும், பிஐடி (புராசஸ் எண்) 1. ஆர்பிசிபைண்டிடம் பட்டியல் கேட்கும் ஆர்பிசிஇன்ஃபோ -பி அடித்துப் பார்த்தேன். பதில் உடனே வந்தது. ஸ்டேட்டஸ் கேட்டால், நிறுத்தி வைத்த சர்வீஸ் பச்சை எழுத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. வாசலில் காத்திருப்பது சிஸ்டம்டி. யாராவது தட்டினால் உள்ளே தூங்குபவரை எழுப்பிவிடுகிறது. இதைக் கண்ணெதிரே பார்த்தது பெரிய சந்தோஷம்.

அப்புறம் சர்வீஸ், சாக்கெட் இரண்டையும் சேர்த்தே நிறுத்தி, டிஸேபிள் செய்து, மாஸ்க்கும் போட்டேன். ஸ்டாப் இந்த நேரத்துக்கு மட்டும். டிஸேபிள் செய்தால் அடுத்த பூட்டில் தானாகக் கிளம்பாது, ஆனால் வேறு யூனிட் (சிஸ்டம்டி நிர்வகிக்கும் சர்வீஸ், சாக்கெட் போன்றவை) கேட்டால் எழும். மாஸ்க் அந்தப் பெயரையே டெவ்-நல் என்ற வெற்று ஃபைலுக்குத் திருப்பிவிடுவதால் யார் கேட்டாலும் எழாது. ரீபூட் செய்தேன், 111 இல்லை, மவுண்ட் அப்படியே இருக்கிறது.

அந்த வேகத்தில் அவாஹியையும் அதன் சாக்கெட்டோடு நிறுத்தி, டிஸேபிள் செய்தேன். மறுநிமிடமே .லோக்கல் பெயரில் சர்வர் கிடைக்கவில்லை. எனேபிள் கொடுத்தும் வரவில்லை, ஏனென்றால் அது அடுத்த பூட்டுக்கான இணைப்பை மட்டும்தான் போடும். --நவ் சேர்த்ததும் பெயர் திரும்பியது.

எஸ்எஸ்எச் அமைப்பை இன்று தொடவில்லை. அதைத் தொடும் நாளில், பிழையானால் வெளியே மாட்டிக்கொள்ளாமல் இருக்க, இரண்டாவது டெர்மினலில் ஒரு இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பேன்.