ஜூம் செய்யாதே, நட!

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டிஜிட்டல் புகைப்படக்கலை சொல்லித்தருகிறேன். எத்தனை மெகாபிக்சல் என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. அதை ஒதுக்கிவிட்டு, கேமராவுக்குள் எவ்வளவு நேரம் வெளிச்சம் விழுகிறது என்கிற ஷட்டர் வேகத்தைத் தொட்டதும் வகுப்பு களைகட்டிவிட்டது. ஓடுகிற தோழியை 1/1000 நொடியில் எடுத்தால் அந்தரத்தில் நிற்கிறாள். 1/15 நொடியில் எடுத்தால் வெறும் தீற்றலாகக் கரைந்துபோகிறாள். "வேகத்தைக் கூட்டினால் படம் இருண்டுவிடுகிறதே, சார்?" என்றான் கடைசி வரிசைப் பையன். அபாரமான கேள்வி! லென்ஸின் துளையை அகலத் திறக்கலாம், அல்லது ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறன் அளவைக் கூட்டலாம். ரொம்பவும் கூட்டினால் படம் புள்ளி புள்ளியாகிவிடும் என்றேன்.

டிஜிட்டல் ஜூமுக்கு மட்டும் என் வகுப்பில் தடை. படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதைத் தவிர அது வேறெதுவும் செய்வதில்லை. கால் எதற்கு இருக்கிறது? நடந்து கிட்டே போகட்டும்.

அடுத்த வாரம் ஜன்னலோர வெளிச்சத்தில் முகங்கள். பழைய கேமரா இரவல் தரக்கூடியவர்கள் உள்பெட்டிக்கு வரவும்.