மலைகளுக்கு நடுவே விளையும் ஒரு சிவப்பு ஒயின்

சிவப்பு ஒயினுக்கு நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு திராட்சைக்கும் மறுபங்கு ஊர்ப்பெயருக்கும் போகிறது என்பது, பிரான்சின் பர்கண்டி வட்டாரத்துப் பாட்டில்களைச் சில ஆண்டுகள் வாங்கிக் குடித்த பிறகே எனக்கு உறைத்தது. ஊர்ப்பெயருக்கான பங்கு சிறியதாக இருக்கும் இடத்தைத் தேடியபோது அகப்பட்டது போர்ச்சுக்கலின் டாவோ வட்டாரம். (அப்பெயரின் இறுதியை மூக்கால் ஒலிக்க வேண்டும்; அதைக் காட்டத் தமிழில் எழுத்தில்லை.)

விசேயு நகரைச் சுற்றியுள்ள இந்த மேட்டுநிலத்திற்கு மேற்கே கராமுலு மலை நின்று அட்லாண்டிக்கின் ஈரக்காற்றைத் தடுக்கிறது. மறுபுறம் எஸ்த்ரேலா மலைத்தொடர் காவலாக நிற்கிறது. பைன் காடுகளுக்கு இடையே சிறுசிறு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும் தோட்டங்கள் பெரும்பாலும் 400 முதல் 500 மீட்டர் உயரத்தில், கருங்கல் தேய்ந்து உண்டான மணற்பாங்கான மண்ணில் இருக்கின்றன. கோடையில் பகல் சுட்டாலும் இரவு குளிர்ந்துவிடுவதால் பழம் நிதானமாகப் பழுத்து, தன் புளிப்பை இழக்காமல் ஆலைக்கு வருகிறது. டாவோ ஒயின் நாவில் பாகுபோல் ஒட்டாமல் தெளிவாக இறங்குவதற்கு அந்தப் புளிப்பே காரணம்.

இவ்வளவு இருந்தும் விலை ஏன் ஏறவில்லை என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. 1908-இலேயே ஒயினுக்கென எல்லை வரையறுக்கப்பட்ட வட்டாரம் இது. ஆனால் 1940-களில் சர்வாதிகாரி சலசாரின் அரசு திராட்சை கொள்முதலைக் கூட்டுறவு ஆலைகளின் தனியுரிமையாக்கியது. தனியார் நிறுவனங்கள் அவற்றிடமிருந்து ஆயத்த ஒயினை வாங்கிப் பாட்டிலில் அடைக்க மட்டுமே முடிந்தது. போட்டியில்லாத இடத்தில் அக்கறையும் குறைந்தது. துவர்ப்பு மிகுந்து, பழச்சுவை வற்றிய ஒயின் என்ற பெயர் டாவோவுக்கு ஒட்டிக்கொண்டது. 1986-இல் போர்ச்சுக்கல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்த பின்னரே அந்தத் தனியுரிமை ஒழிந்தது. தோட்டக்காரர்கள் தாமே ஒயின் செய்யத் தொடங்கித் தரம் உயர்ந்துவிட்டது. பழைய பெயர் இன்னும் முழுதாக மறையவில்லை. அந்த இடைவெளியில்தான் நமக்கான லாபம் இருக்கிறது.

இங்கு புகழ்பெற்ற திராட்சை தூரிகா நசியோனால்: சிறிய மணி, தடித்த தோல், செடிக்குச் சொற்ப விளைச்சல், ஊதாப்பூ மணம். அதை மட்டும் கொண்டு செய்த பாட்டிலுக்குக் கூடுதல் விலை வைப்பார்கள். நான் தேடுவது ஜாயன், அல்ஃப்ரோஷெய்ரோ, தின்தா ரோரிஷ் ஆகிய திராட்சைகளுடன் அதைக் கலந்து செய்ததை. மணத்தைத் தூரிகாவும் மென்மையை ஜாயனும் தருவதால், தனித்திராட்சையைவிடக் கலவையே நிறைவாக இருக்கிறது என்பது என் கணிப்பு.

பாட்டிலில் 'கர்ராஃபெய்ரா' என்றிருந்தால் குறைந்தது 30 மாதம் முதிர்ந்தது, அதில் 12 மாதம் பாட்டிலிலேயே கழிந்தது என்று பொருள். காத்திருப்புக்கும் சேர்த்தே விலை இருக்கும். நல்ல தோட்டக்காரர் ஒருவரின் பெயர் பிடிபட்டுவிட்டால், அவருடைய சிறப்புப் பாட்டிலை விட்டு, ஓக் பீப்பாயின் வாசனை அதிகம் ஏறாத அடிப்படைச் சிவப்பை வாங்குவதே என் வழக்கம். அதைச் சற்றுக் குளிரவைத்து, 16 பாகை செல்சியஸ் அளவில் ஊற்றினால் சாராய நெடி அடங்கிப் பழமணம் தெளியும்.

ஜாயன் பிடித்தவர்கள் எல்லை தாண்டி ஸ்பெயினின் பியெர்சோ ஒயின் வட்டாரத்துக்கும் போகலாம். மென்சியா என்று அங்கே அழைக்கப்படுவது இதே திராட்சைதான்.